அடையாறு கழிமுகத்தில் நீர் ஆய்வு: முதலில் உப்பை அளங்கள்

அடையாற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து "நூறு மில்லிக்கு இத்தனை கிருமி" என்று எண் போடுவது பெரிய வித்தை அல்ல. அந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்வதில்தான் சிக்கல். திரு.வி.க. பாலத்தடியில் கடல் ஓதம் ஏறி முடியும் நேரத்தில் எடுத்தால் பாட்டிலில் பாதி வங்கக் கடல் இருக்கலாம். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் எடுத்தால் மேலேயிருந்து இறங்கிய கழிவுநீர்தான் இருக்கும். இடம் ஒன்றுதான், தண்ணீர் வேறு. அதனால் கழிமுகத்தில் எதை அளந்தாலும் கூடவே உப்புத்தன்மையை அளக்க வேண்டும். பாக்டீரியா, அம்மோனியம், பாஸ்பேட் எல்லாம் உப்போடு சேர்த்துப் படித்தால்தான் பேசும்.

இந்த வழிகாட்டி முதுகலை மாணவர்களுக்கும், கல்லூரி ஆய்வகத்தை வைத்துக்கொண்டு ஆற்றைக் கண்காணிக்க நினைக்கும் குழுக்களுக்கும். அடையாற்றை வைத்துச் சொல்கிறோம். கூவத்துக்கும் எண்ணூருக்கும் முறை இதுவேதான்.

இடமும் நாளும்

ஐந்து இடம் போதும். முகத்துவாரத்தில் ஒன்று (பட்டினப்பாக்கம் பக்கமோ, பெசன்ட் நகர் பக்கம் உடைந்த பாலத்தின் அருகிலோ), திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம், அதற்கும் மேலே கடல் எட்டாத ஓர் இடம். நந்தம்பாக்கமோ மணப்பாக்கமோ இதற்குப் பொருந்தும். இவை போக, கரையிலிருந்து எட்டிக் கடல்நீர் ஒரு பாட்டில். இந்தக் கடைசி இரண்டு மாதிரிகளைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு முனையில் ஆறு, மறுமுனையில் கடல் என்று இரண்டு எல்லையும் தெரியாமல் நடுவில் உள்ள எதையும் கணக்கிட முடியாது.

பாலங்களை நம்பி இடம் குறிக்கும் முன் ஒரு நாள் வெறும் மின்கடத்துதிறன் மீட்டரோடு (நீரின் உப்பைக் காட்டும் கருவி) கரை நெடுக நடந்து பாருங்கள். வடிகால் வந்து சேரும் வாய்கள் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். வடிகால் வாயிலிருந்து சில மீட்டருக்குள் மாதிரி எடுத்தால் அது வடிகாலின் மாதிரி, ஆற்றின் மாதிரி அல்ல. உப்பு ஏறும் எல்லை மழைக்கும் வறட்சிக்கும் மாறும். அதை வரைபடத்தில் தேடாமல் மீட்டரிடமே கேளுங்கள்.

நாள் குறிக்க ஓத அட்டவணை வேண்டும். சென்னையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வீச்சு, அதாவது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம், சுமார் 1 மீட்டர், அஷ்டமியை ஒட்டி அதில் பாதிக்கும் குறைவு. ஏற்ற நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆனால் அமாவாசைக்கு அமாவாசை அது கிட்டத்தட்ட அதே மணிக்கு வந்து நிற்கும். இது பெரிய வசதி. வெயில் பாக்டீரியாவைக் கொல்வதால் காலை 7 மணி எண்ணையும் பகல் 1 மணி எண்ணையும் ஒப்பிடக் கூடாது. பஞ்சாங்கம் பார்த்து அமாவாசையையும் பௌர்ணமியையும் பிடித்தால் ஓதமும் வெயிலும் ஒருசேர ஒத்துப்போகும்.

ஒரு எச்சரிக்கை. முகத்துவாரத்தில் மணல்திட்டு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளி வாயை அடைக்கும். வடகிழக்குப் பருவமழை வெள்ளமோ பொக்லைனோ வந்துதான் திறக்கும். வாய் ஒடுங்கியிருக்கும்போது துறைமுகத்து ஓத அட்டவணை உள்ளே பொருந்தாது. ஏற்றம் தாமதமாகும், உயரமும் குறையும். பாலத் தூணில் அளவுக் கோடு போட்ட கம்பு ஒன்றைக் கட்டி அரை மணிக்கு ஒருமுறை நீர்மட்டம் குறித்தால் உண்மை நிலவரம் தெரியும். வாய் திறந்திருந்ததா, அகலம் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் படத்தோடு எழுதி வையுங்கள். பின்னால் எண்கள் குழம்பும்போது பாதி விடை அந்தப் படத்தில் இருக்கும்.

முந்தைய 72 மணி நேர மழையளவும் அவசியம். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் இரண்டையும் எடுங்கள். கடற்கரையில் தூறலே இல்லாத நாளில் மேற்கே கொட்டியிருக்கும்.

அனுமதி விஷயம்: ஆற்றங்கரை நீர்வளத் துறையின் பொறுப்பு. தொல்காப்பியப் பூங்கா சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையிடம் உள்ளது. தென்கரையில் தியாசபிகல் சொசைட்டி வளாகம் தனியார் இடம். கல்லூரிக் கடிதம் கையில் இருக்கட்டும்.

தண்ணீர் எடுத்தல்

1. பாட்டில்களை முந்தின நாளே தயார் செய்யுங்கள். பாக்டீரியாவுக்கு 250 மி.லி. பாலிபுரொப்பிலீன் பாட்டில், ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலம்) 121 டிகிரி, 15 நிமிடம். சத்துகளுக்கு (அம்மோனியம், நைட்ரேட், பாஸ்பேட் போன்றவை) 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் ஐந்தாறு முறை அலசிய பிளாஸ்டிக் பாட்டில். பாத்திரம் கழுவும் சோப்பு இந்தப் பாட்டில்களின் பக்கமே வரக் கூடாது. பல சோப்புகளில் பாஸ்பேட் இருக்கிறது.

2. சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் வந்து சேரும் இடத்தில் எடுக்கிறீர்கள் என்றால் பாக்டீரியா பாட்டிலில் ஆட்டோகிளேவுக்கு முன்பே சோடியம் தயோசல்பேட் சேர்த்துவிடுங்கள். தண்ணீரில் மிஞ்சிய குளோரின் பாட்டிலுக்குள்ளும் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும்.

3. இடத்துக்குப் போனதும் முதல் வேலை உப்புத்தன்மை, வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், பிஎச். மேல்மட்டத்தில் ஒருமுறை, அடிமட்டத்துக்கு அரை மீட்டர் மேலே ஒருமுறை. கடல்நீர் கனமானது. அது ஆற்றுநீருக்கு அடியில் ஆப்பு போல நுழையும். மேலே 5, கீழே 25 என்று உப்பு (ஒரு கிலோ நீரில் ஏறக்குறைய இத்தனை கிராம்) காட்டினால் நீங்கள் பார்ப்பது இரண்டு நீர்நிலைகளை. இரண்டிலும் தனித்தனியே மாதிரி எடுங்கள்.

4. பாலத்திலிருந்து வாளி இறக்கிப் பாக்டீரியா மாதிரி எடுக்காதீர்கள். வாளியும் கயிறும் முந்தைய இடத்தின் கிருமியைச் சுமந்து வரும். எடை கட்டிய பாட்டில் தாங்கியில் கிருமி நீக்கிய பாட்டிலையே இறக்குங்கள். கரையிலிருந்து எடுத்தால் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, வாயை முன்னே நீட்டி, 20 முதல் 30 செ.மீ. ஆழத்தில் மூடி திறந்து நிரப்புங்கள். உங்கள் கால் கிளப்பிய சேறு பாட்டிலுக்குள் போகக் கூடாது. கழுத்தில் 2 செ.மீ. இடம் விடுங்கள், குலுக்குவதற்கு.

5. சத்து மாதிரியை அங்கேயே வடிகட்டுங்கள். 50 மி.லி. சிரிஞ்சு, 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டி. முதல் 10 மி.லி.யைக் கொட்டிவிடுங்கள். வடிகட்டாமல் ஐஸில் வைத்தாலும் பாக்டீரியாவும் பாசியும் அம்மோனியத்தைத் தின்றுகொண்டும் உமிழ்ந்துகொண்டும் இருக்கும்.

6. எல்லாம் ஐஸ் பெட்டிக்குள், இருட்டில், 10 டிகிரிக்குக் கீழே. உருகிய ஐஸ் தண்ணீரில் பாட்டில்கள் மூழ்கக் கூடாது, மூடி வழியே கசியும். பாக்டீரியா மாதிரி ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், அடுத்த இரண்டு மணிக்குள் வேலை தொடங்கிவிட வேண்டும். சென்னைப் போக்குவரத்தைக் கணக்கில் வைத்து மேலே இருந்து கீழே வருவதா, கீழிருந்து மேலே போவதா என்று முடிவெடுங்கள்.

பத்து மாதிரிக்கு ஒரு இரட்டை மாதிரி, நாளுக்கு ஒரு வெற்று மாதிரி. கிருமி நீக்கிய நீரை ஆற்றங்கரையில் திறந்து மூடி, மற்ற பாட்டில்களோடு கொண்டுவந்து அதே சோதனைக்கு உட்படுத்துவதுதான் வெற்று மாதிரி. அதில் ஒரு காலனி (தட்டில் பாக்டீரியா வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் புள்ளி) வந்தாலும் அன்றைய வேலையைச் சந்தேகியுங்கள்.

உடல்நலம்: முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நைட்ரைல் கையுறை, கண்ணாடி. எலிக்காய்ச்சல், டைபாய்டு, மஞ்சள் காமாலை மூன்றும் இந்தத் தண்ணீரில் சாத்தியம். கை கால் காயத்தோடு இறங்காதீர்கள். டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் முன்பே பேசுங்கள்.

பாக்டீரியா எண்ணுதல்

எதை எண்ணுவது? மலம் கலந்ததைக் காட்டும் குடல் பாக்டீரியாக்களை: கோலிஃபார்ம், எண்டரோகாக்கை என்று இரண்டு வகை. இந்தியக் கடலோர நீர்த் தரத்தில் குளியலுக்கான எஸ்டபிள்யூ-2 வகைக்கு மலக் கோலிஃபார்ம் 100 மி.லி.க்கு 100 என்பது வரம்பு. அறிக்கை அரசு அலுவலகத்துக்குப் போவதென்றால் அதை விட முடியாது. ஆனால் உப்புநீரில் ஈ.கோலை போன்ற கோலிஃபார்ம்கள் சீக்கிரம் சாகும். எண்டரோகாக்கை அதிகம் தாக்குப்பிடிக்கும். உப்பு மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் கோலிஃபார்மை மட்டும் எண்ணினால், கடல் பக்கம் போகப்போக நீர் உண்மையைவிடச் சுத்தமாகத் தோன்றும். அமெரிக்காவின் 2012 பொழுதுபோக்கு நீர் அளவுகோல் கடல்நீருக்கு எண்டரோகாக்கையை மட்டுமே கேட்பதற்குக் காரணம் உண்டு. அங்கே பெருக்கல் சராசரி (ஜியோமெட்ரிக் மீன்) வரம்பு 100 மி.லி.க்கு 35. இரண்டையும் எண்ணுங்கள்.

நீரைச் சவ்வில் வடிகட்டி, சவ்வில் தங்கிய கிருமியை அகார் தட்டில் வளர்த்து எண்ணும் சவ்வு வடிகட்டல் கல்லூரி ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகும். 47 மி.மீ. விட்டம், 0.45 மைக்ரோமீட்டர் துளை. எண்டரோகாக்கைக்கு ஸ்லானெட்ஸ்-பார்ட்லி அகார், 36 டிகிரி, 44 மணி நேரம். சிவப்பு, பழுப்புக் காலனிகள் வந்த சவ்வை அப்படியே எடுத்துப் பைல்-எஸ்குலின்-அசைடு அகாரில் 44 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் உண்மையானவை அடியில் கருப்பு விடும். மலக் கோலிஃபார்முக்கு எம்-எஃப்சி அகார், 44.5 டிகிரி, 24 மணி நேரம், நீலக் காலனிகள். இந்த 44.5இல் அரை டிகிரிகூடத் தவறக் கூடாது. காற்று இன்குபேட்டரின் மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. தட்டுகளை நீர் புகாத பையில் போட்டு வாட்டர் பாத்தில் மூழ்கவைப்பது நம்பகமானது.

நீர்ப்பு (மாதிரியை எத்தனை மடங்கு நீர் சேர்த்து மெலிதாக்குவது) விகிதத்தில்தான் புதியவர்கள் ஒரு வாரம் வீணாக்குவார்கள். சுத்திகரிக்காத சாக்கடையில் மலக் கோலிஃபார்ம் 100 மி.லி.க்கு பத்து லட்சம் முதல் ஒரு கோடி, அதற்கு மேலும் இருக்கும். பாடப்புத்தகம் சொல்கிறதே என்று 100 மி.லி. அடையாற்று நீரை வடிகட்டினால், சவ்வு அடைத்துக்கொள்ளாமல் இருந்தால், தட்டு முழுக்க ஒரே நீலப் படலம்தான் மிஞ்சும். முதல் முறை 1, 0.1, 0.01, 0.001 மி.லி. என்று நான்கு படி போடுங்கள். எண்ணத் தகுந்தது 20 முதல் 60 காலனி உள்ள தட்டு. 10 மி.லி.க்குக் குறைவாக வடிகட்டும்போது புனலில் முதலில் 20 மி.லி. கிருமி நீக்கிய பஃபரை ஊற்றி, அதில் மாதிரியைச் சேர்த்து இழுங்கள். இல்லாவிட்டால் காலனிகள் ஒரே மூலையில் குவியும். 0.01 மி.லி.க்கு 42 காலனி என்றால் 42 ÷ 0.01 × 100, அதாவது 100 மி.லி.க்கு 4,20,000.

பணம் இருந்தால் மாதிரியைச் சிறு குழிகளில் பிரித்து, ஒளிரும் குழிகளை எண்ணும் எண்டரோலெர்ட் (எண்டரோகாக்கைக்கு), கோலிலெர்ட் (கோலிஃபார்முக்கு) போன்ற குழித்தட்டு முறைகள் வேகமானவை. கழிமுக நீரை அவற்றில் குறைந்தது பத்து மடங்கு நீர்க்க வேண்டும். உப்புநீரில் இயல்பாக வாழும் விப்ரியோ என்ற பாக்டீரியா கோலிலெர்ட்டில் பொய்யாக ஒளிரும். 97 குழித் தட்டின் உச்ச எண் 2,419.6. பத்து மடங்கு நீர்த்தால் 24,196 வரைதான் எண்ணும். அடையாற்றின் மேல்பகுதிக்கு அது போதாது, ஆயிரம் மடங்கிலிருந்து தொடங்குங்கள்.

சராசரி எடுக்கும்போது மடக்கையில் (லாகரிதம்) எடுங்கள், அதுதான் பெருக்கல் சராசரி. 100, 1,000, 1,00,000 என்ற மூன்று எண்ணின் கூட்டல் சராசரி 33,700. பெருக்கல் சராசரி 2,154. முதலாவது ஒரே ஒரு மோசமான நாளின் கதையைத்தான் சொல்கிறது.

சத்துகள்: இங்கே அம்மோனியம்தான் நாயகன்

அம்மோனியத்துக்கு இண்டோஃபீனால் நீலம் (640 நானோமீட்டர்), நைட்ரைட்டுக்குச் சல்ஃபானிலமைடு முறை (543), நைட்ரேட்டைக் காட்மியம் குழாயிலோ வனேடியம் குளோரைடிலோ ஒடுக்கி நைட்ரைட்டாக்கி அதே முறை, பாஸ்பேட்டுக்கு மாலிப்டினம் நீலம் (880). எல்லாமே சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் முடியும். உடனே செய்ய முடியாவிட்டால் மாதிரியைக் கால் பங்கு இடம் விட்டு மைனஸ் 20 டிகிரியில் உறையவைக்கலாம். சிலிகேட் மாதிரியை மட்டும் உறையவைக்காமல் பிளாஸ்டிக்கில் குளிர வையுங்கள்.

நைட்ரேட் கிட் ஒன்றை வாங்கி, நைட்ரேட் மிகக் குறைவாக வந்ததைப் பார்த்து "சத்து மாசு இல்லை" என்று எழுதுவது இந்த ஆற்றில் நடக்கக்கூடிய மிகப் பெரிய பிழை. சாக்கடையின் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாகவும் யூரியா போன்ற கரிமப் பொருளாகவும் வருகிறது. அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். கரைந்த ஆக்சிஜன் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் தண்ணீரில் அந்த வேலை நடக்காது. மிச்சமிருக்கும் கொஞ்ச நைட்ரேட்டையும் வேறு பாக்டீரியா ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சுவாசித்து நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். ஆக, அம்மோனியம் மலைபோல, நைட்ரேட் கடுகளவு என்றால் நீர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். நைட்ரைட் திடீரென எழும் இடத்தைக் கவனியுங்கள். ஆக்சிஜன் உள்ள நீரும் இல்லாத நீரும் சந்திக்கும் எல்லை பெரும்பாலும் அதுதான்.

செய்முறையில் இடறும் இடங்கள். நகரச் சாக்கடையில் அம்மோனியா-நைட்ரஜன் லிட்டருக்கு 20 முதல் 40 மி.கி. இருப்பது சகஜம். மைக்ரோமோலில் அது ஏறக்குறைய 1,400 முதல் 2,900. கடல்நீருக்கென எழுதிய முறை சில பத்து மைக்ரோமோலிலேயே நேர்கோட்டை விட்டு விலகும். ஐம்பது, நூறு மடங்கு நீர்த்துப் போடுங்கள். அப்படி நீர்த்தால் உப்பின் குறுக்கீடும் போய்விடும். நீர்க்காமல் போடும் கடல் பக்க மாதிரிகளுக்கு ஸ்டாண்டர்டை (செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) உப்புநீரிலேயே தயாரியுங்கள். ஆய்வகத் தரையை அம்மோனியா கலந்த திரவத்தில் துடைத்த நாளில் அம்மோனியமே இல்லாத பிளாங்க் கரைசலே நீலமாகும். சிகரெட் புகையும் அதையே செய்யும்.

சல்பைடு இன்னொரு தொல்லை. அழுகிய முட்டை நாற்றம் வரும் நீரில் பாஸ்பேட் சோதனையும், ஆக்சிஜனை அயோடின் வழியே அளக்கும் விங்க்ளர் டைட்ரேஷனும் தவறும். சல்பைடு அயோடினைத் தின்றுவிடும். சத்து மாதிரியை அமிலமாக்கி, ஃபியூம் ஹூட்டுக்குள் நைட்ரஜன் வாயுவைக் குமிழிட்டால் சல்பைடு வெளியேறும். ஆக்சிஜனுக்கு ஒளிவழி மீட்டரே மேல். அதில் உப்புத்தன்மையைப் பதிவு செய்ய மறக்காதீர்கள். 30 டிகிரியில் நன்னீர் தெவிட்டும் அளவு லிட்டருக்கு 7.6 மி.கி., கடல்நீருக்குச் சுமார் 6.2 மி.கி.தான்.

அலகு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். "நைட்ரேட் 10 மி.கி." என்று எழுதினால் அது நைட்ரேட்டா, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனா? இரண்டுக்கும் 4.43 மடங்கு வித்தியாசம். மைக்ரோமோலில் எழுதினால் இந்தக் குழப்பமே வராது. ஒரு மைக்ரோமோல் நைட்ரஜன் லிட்டருக்கு 14 மைக்ரோகிராம், பாஸ்பரஸ் 31.

உப்புக் கோடு

கிடைக்கோட்டில் உப்புத்தன்மை, செங்குத்துக்கோட்டில் அம்மோனியம். ஆற்று முனையையும் கடல் முனையையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். வெறும் கலப்பு மட்டும் நடந்தால் எல்லாப் புள்ளிகளும் கோட்டின்மேல் விழும். ஒரு பேச்சுக்கு, மேல்முனையில் உப்பு 1, அம்மோனியம் 600 மைக்ரோமோல். கடலில் உப்பு 34, அம்மோனியம் 2. அப்படியானால் உப்பு 17.5 இருக்கும் இடத்தில் 301 இருக்க வேண்டும். 420 வந்தால் இடையில் யாரோ ஊற்றுகிறார்கள்: ஒரு வடிகால், அல்லது அடிச்சேறு. 200 வந்தால் யாரோ தின்கிறார்கள்: பாசி, அல்லது நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா. இரண்டில் எது என்பதற்கு நைட்ரேட்டையும் குளோரோஃபில்லையும் அதே தாளில் வரையுங்கள்.

பாக்டீரியாவுக்கும் இதே தாள். மேலே 1,00,000, கடலில் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்றால் உப்பு 17.5இல் கலப்பினால் மட்டும் 50,000 இருக்கும். 2,000தான் வந்தது என்றால் 25 மடங்கு இழப்பு வெயில், உப்பு, வண்டலோடு படிதல் ஆகியவற்றின் வேலை. 80,000 வந்தால் மேலே போய்த் தேடாதீர்கள், பக்கத்திலேயே ஒரு வாய் திறந்திருக்கிறது.

இந்தக் கோட்டுக்கு வரம்பு உண்டு. ஆற்று முனையின் அளவு நாளுக்கு நாள் தாவினால் கோடு பொய் சொல்லும். நடுவில் பெரிய கிளை வந்து சேர்ந்தாலும் அப்படித்தான். மேல்முனையில் மட்டும் மூன்று நாள் தொடர்ந்து மாதிரி எடுத்து அதன் ஆட்டத்தைத் தெரிந்துகொண்டு பிறகு நம்புங்கள். வடகிழக்கு மழை உச்சத்தில் முகத்துவாரம் வரை நன்னீரே நிற்கும். அன்று உப்புக் கோடு வரைய உப்பே இருக்காது. அந்த நாட்களில் நீரோட்ட வேகத்தை அளந்து, கடலுக்குப் போகும் மொத்தச் சுமையைக் கணக்கிடுவதுதான் பயன்.

சேறு

கழிமுகத்தின் கணக்கில் பாதி அடியில் இருக்கிறது. கடல்நீரில் சல்பேட் தாராளம், லிட்டருக்கு 2.7 கிராம். ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் பாக்டீரியா அதைச் சுவாசித்துச் சல்பைடாக்கும். சல்பைடு இரும்பைப் பிடித்துக் கருப்பாக்கும். இரும்பைப் பற்றிக்கொண்டிருந்த பாஸ்பேட் அப்போது கைவிடப்பட்டு மேலே வரும். அதனால்தான் வெளியிலிருந்து வரும் சாக்கடையை நாளையே நிறுத்தினாலும் சத்து உடனே இறங்காது.

7 செ.மீ. உள்விட்டமுள்ள அக்ரிலிக் குழாயைச் சேற்றில் நேராக அழுத்தி, மேலே மூடி, கலங்காமல் எடுங்கள். மேலே 20 செ.மீ. நீர் நிற்கட்டும். இருட்டில், ஆற்றின் வெப்பநிலையில் வைத்து, நீரை மெதுவாகக் கலக்கிக்கொண்டே மணிக்கு ஒருமுறை 10 மி.லி. எடுத்து அம்மோனியம் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் 100இலிருந்து 130 மைக்ரோமோல் ஆனால், மணிக்கு 10, அதை 0.2 மீட்டர் உயரத்தால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு மணிக்கு 2 மில்லிமோல். எடுத்த நீருக்கு ஈடாக ஊற்றும் நீரின் அளவையும் செறிவையும் கழித்துக்கொள்ளுங்கள். வெறும் நீர் மட்டும் உள்ள குழாய் ஒன்றும் பக்கத்தில் ஓடட்டும். நைட்ரஜன் வாயுவாக வெளியேறுவதை அளக்க நிறைமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) வேண்டும். தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம்.

சேற்றிலிருந்து பிழிந்த நீரைக் காற்றில் வடிகட்டினால் இரும்பு துருவாகிப் பாஸ்பேட்டை இழுத்துக்கொண்டு படியும், எண் குறைவாக வரும். நைட்ரஜன் நிரப்பிய பைக்குள் வடிகட்டுங்கள்.

சேறு பாக்டீரியாவின் சேமிப்புக் கிடங்கும்கூட. இருட்டும் உணவும் இருப்பதால் மேலே உள்ளதைவிட அங்கே நெடுநாள் வாழும். 10 கிராம் சேற்றை 90 மி.லி. பஃபரில் இரண்டு நிமிடம் குலுக்கி, படியவிட்டு, மேல்நீரை நீர்த்துத் தட்டில் போடுங்கள். அதே சேற்றில் கொஞ்சம் 105 டிகிரியில் உலர்த்தி, உலர் கிராமுக்கு எத்தனை என்று எழுதுங்கள். மழையோ தூர்வாரும் இயந்திரமோ சேற்றைக் கிளப்பிய நாளில் எண் எகிறினால், புதிய சாக்கடையைத் தேடும் முன் கலங்கல் அளவைப் பாருங்கள்.

மனித மலமா, மாட்டுச் சாணமா, பறவையா என்று பிரிக்க எச்எஃப்183 போன்ற மரபணு அடையாளங்கள் உண்டு. வெளிநாட்டில் சரிபார்த்த அடையாளத்தை இங்கே அப்படியே நம்பக் கூடாது. சென்னைச் சாக்கடை, மாடு, நாய், கோழி ஆகியவற்றின் கழிவில் முதலில் சோதித்து, மனிதக் கழிவில் வருகிறதா, மற்றதில் வராமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆற்றுக்குப் போங்கள். அந்த வசதி இப்போது இல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் 100 மி.லி. நீரை ஒரு தனிச் சவ்வில் வடிகட்டி மைனஸ் 80 டிகிரியில் போட்டு வையுங்கள். சவ்வு அடைத்தால் எவ்வளவு போனதோ அந்த அளவை உறையின்மேல் எழுதுங்கள்.

எண்ணி முடித்த தட்டுகள் ஆட்டோகிளேவில் 30 நிமிடம் போன பிறகே குப்பைக்கு. காட்மியம் குழாயின் கழிவுநீரையும் ஃபீனால் கழிவையும் தனித்தனிக் கேனில் சேர்த்து அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும், சிங்க்கில் ஊற்றக் கூடாது.